குழி வெட்டும் முன்: மரம் நடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஊர் எல்லையில் கூடுகிற இளைஞர்கள், பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் கன்று நடுகிற நற்பணி மன்றத்தார், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கன்றுகளாக மாற்றித் தருகிற அலுவலர்கள், உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். 2016இல் வர்தா புயல் சென்னையின் மரங்களைச் சாய்த்தபோதும், 2018இல் கஜா டெல்டாவின் தென்னந்தோப்புகளைப் பிடுங்கி எறிந்தபோதும், மறுபடி குழி வெட்ட வந்தவர்கள் நீங்கள். நடிகர் விவேக் ஒரு கோடி கன்று என்று இலக்கு வைத்தபோது அதைச் சொந்தக் கடனாக ஏற்றுக்கொண்டீர்கள். 2021இல் அவர் மறைந்த பிறகும் அந்த வேலையை நீங்கள் விடவில்லை. காசு வாங்காமல் மண்ணில் வேலை செய்கிறவர்கள் மீது எனக்கு இருக்கும் மரியாதையைச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும்.

மரம் நடுவதை நிறுத்தச் சொல்ல வரவில்லை. இடம் தேடும்போது, ‘அங்கே ஒன்றுமில்லை, சும்மா கிடக்கிற நிலம்தான்’ என்று யாராவது காட்டினால், அந்தப் பேச்சை நம்பி மறுநாளே குழி வெட்டிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன். மலைச்சரிவுப் புல்வெளி, ஊருக்கு வெளியே உள்ள மேய்ச்சல் காடு, கடற்கரை மணல்மேடு, சதுப்போரம் ஆகியவைதான் பெரும்பாலும் இப்படிக் காட்டப்படுகின்றன. மரம் இல்லாத இடம் குறைபட்ட இடம் என்ற எண்ணம் நம் எல்லார் மனத்திலும் ஊறியிருக்கிறது. அது வெறும் எண்ணமாக நின்றிருந்தால் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். அது சட்டமாகி, நிதியாகி, வரைபடமாகி, நான் வாழும் நீலகிரி மலையின் மேல்பரப்பையே மாற்றியிருக்கிறது.

முக்குருத்திப் பக்கத்துப் புல்வெளிச் சரிவில் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பிறகு ஒரு புல் தூரை விலக்கிப் பாருங்கள். தூருக்கு அடியில் முந்தைய ஆண்டுகளின் மக்கிய தாள் இருக்கும். அதற்குக் கீழே கறுத்த மண். அதற்குள் விரல் நுழையாதபடி வேர் பின்னிக் கிடக்கும். ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்தினால் கை நனையும். மழை விட்டுப் பல நாள் ஆகியிருக்கும், ஆனாலும் இரண்டு குன்றுகள் சேரும் மடிப்பில் நீர் கசிந்து சிறு சதுப்பாகத் தேங்கி, அங்கிருந்து ஓடையாக இறங்கிக்கொண்டிருக்கும். அந்த மடிப்புகளில்தான் சோலைக்காடு நிற்கிறது. மரங்கள் குட்டையாக, உச்சி கவிந்து, கிளையெல்லாம் பாசி படர்ந்து நிற்கும். சரிவு முழுக்கப் புல், மடிப்பில் சோலை. இரண்டும் சேர்ந்தால்தான் அந்த மலையின் காடு. குளிர்காலத்தில் திறந்த சரிவில் உறைபனி விழுகிறது. அந்தப் பனி சோலை மரக் கன்றுகளைக் கருக்கிவிடுவதும் சோலை புல்லுக்குள் பரவாமல் நிற்பதற்கு ஒரு முக்கியக் காரணம் என்கிறார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சீகைத் தோப்பு இருக்கும். வாட்டில் என்று ஆங்கிலத்தில் சொல்கிற ஆஸ்திரேலிய மரத்துக்கு எங்கள் ஊரில் சீகை என்று பெயர். மரங்கள் நெருக்கியடித்து, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். அடியில் புல் இருக்காது. உதிர்ந்த சருகும் ஒடிந்த சுள்ளியும் மட்டும் கிடக்கும். வெளியூர்க்காரர் கண்ணுக்கு இது காடு. முன்னால் பார்த்த புல்வெளி மொட்டை மலை. ஊட்டிக்கு வருகிறவர்கள் பைன் மரங்களுக்கும், கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் தைலமரங்களுக்கும் நடுவில் நின்று இயற்கையோடு படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். தமிழ்ப் படப் பாட்டுகளில் நாயகனும் நாயகியும் ஓடிவந்த பச்சைச் சரிவுகளில் சில, எஞ்சிய புல்வெளியின் துண்டுகள். அந்தச் சரிவுகளை ஒரு தலைமுறையே ரசித்தது. அங்கே என்ன வளர்கிறது, அது எதைச் செய்கிறது என்று கேட்டவர்கள் குறைவு.

சீகையும் கற்பூர மரமும் எப்படி வந்தன என்பதை நீங்கள் அறிய வேண்டும், ஏனென்றால் அதைச் செய்தவர்கள் உங்களைப் போன்றே நல்லெண்ணம் கொண்டவர்கள். கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்த பிறகு உதகையில் வெள்ளையர் குடியிருப்பு வளர்ந்தது. வெலிங்டனில் படைமுகாம் எழுந்தது. இரண்டுக்கும் விறகு வேண்டியிருந்தது. முதலில் சோலைகளை வெட்டினார்கள். சோலை தீர்ந்துவிடும் என்ற கவலை வந்ததும், 19ஆம் நூற்றாண்டின் நடுவில், விரைவாக வளரும் ஆஸ்திரேலிய மரங்களை நடத் தொடங்கினார்கள். ஒருவகையில் அதுவும் காட்டைக் காக்கும் முயற்சிதான். சோலை அவர்கள் கண்ணுக்குக் காடாகத் தெரிந்தது, புல்லோ மரம் வரவேண்டிய காலியிடமாகத் தெரிந்தது. உழுதால் நிலவரி வரும், மரம் வளர்ந்தால் வருவாய் வரும், இரண்டும் இல்லாத நிலம் தரிசு என்பதுதான் அன்றைய அரசாங்கத்தின் நிலக் கணக்கு.

வெள்ளையர் போன பிறகும் அந்தக் கணக்கு போகவில்லை. ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் தோட்டங்கள் இன்னும் வேகமாகப் பெருகின. தோல் பதனிடச் சீகைப் பட்டை, ரேயான் கூழுக்கு மரம் என்று ஆலைகள் கேட்டன. மலையிலிருந்து மரம் இறங்கியது. பவானிக் கரையில் சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலை அப்படி மரத்தை வாங்கிக் கூழாக்கியது. அதன் கழிவு பவானியில் கலந்தது என்று உழவர்களும் மீனவர்களும் போராடினார்கள்; பின்னர் ஆலை மூடப்பட்டது. பவானிக்கு நீர் கொடுக்கும் புல்வெளியில் மரம் நட்டு, அந்த மரத்தை அதே ஆற்றின் கரையில் கூழாக்கி, கழிவை அதே ஆற்றில் விட்டதை அன்று எல்லாரும் வளர்ச்சி என்றே எழுதினார்கள்.

இன்னொரு தேவையும் இருந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இங்கே அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களுக்கு வேலையும் குடியிருப்பும் கொடுக்க, நீலகிரியில் வன நிலத்தில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன. தலைமுறைகள் உழைத்த மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்டு வந்தவர்களுக்கு அரசு எதையாவது செய்தே ஆக வேண்டியிருந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அப்போதும் இல்லாதவர்களுக்கு எடுத்துக் கொடுக்கப்பட்டது, ஒன்றும் இல்லை என்று எழுதப்பட்ட நிலமாகவே இருந்தது.

நீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உதகையில் மத்திய அரசின் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அதன் விஞ்ஞானிகள் கிளன்மார்கன் பகுதியில் அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டார்கள். மற்றதில் கணிசமான பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். இரண்டின் ஓடையிலும் அளவுமானி வைத்து ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில், மரம் நட்ட பகுதியிலிருந்து வந்த நீர் சுமார் 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய பிறகு அடிமரத்திலிருந்து மறுபடி தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு இன்னும் கூடியது. கோடையில் ஓடும் மெல்லிய நீரில் விழுந்த அடி இதைவிடவும் பெரியது. மரம் இருந்தால்தான் மழை, மரம் இருந்தால்தான் நீர் என்று பள்ளிக்கூடத்தில் படித்த நமக்கு இது உடனே செரிக்காது. மரத்தை வெட்டி மொட்டையாக்கிய நிலத்தில் அந்தப் பாடம் பெரும்பாலும் சரி. நீரைப் பிடித்து மெல்ல விடுவதற்கென்றே அமைந்த புல்வெளியில், ஆண்டு முழுதும் இலை தாங்கி நீரை உறிஞ்சும் மரத்தை நட்டால் கணக்கு மாறிவிடுகிறது.

இதே மலையில் 1932இல் பைக்காரா மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1950களில் கனடா நாட்டு உதவியோடு குந்தா திட்டம் வந்தது. அணைகளும் சுரங்கக் குழாய்களும் அந்தப் புல்வெளி விடும் நீரை நம்பிக் கட்டப்பட்டவை. ஆக, அரசின் ஒரு துறைக்கு அந்த மலை நீர்த்தொட்டி, இன்னொரு துறைக்கு மரக்கிடங்கு. ஒருவர் அணை கட்ட, மற்றவர் அணைக்கு வரும் நீரைக் குறைக்கும் மரத்தை நட்டார். இருவரும் ஐந்தாண்டுத் திட்டத்தின் இலக்கை எட்டியதாகவே அறிக்கை கொடுத்தார்கள். இயற்கையைப் பற்றிய இரண்டு பார்வைகள் ஒரே சரிவில் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

மூன்றாவதாக ஒரு பார்வை அங்கே ஏற்கெனவே இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. தோடர்களுக்கு அந்தப் புல்வெளி எருமை மேயும் இடம், தெய்வங்கள் குடியிருக்கும் இடம். அவர்கள் வேண்டுதல்களில் மலைமுகடும் ஓடையும் எருமைத் தொழுவமும் பெயர் சொல்லி அழைக்கப்படுகின்றன. பழைய புல்லைப் பருவம் பார்த்து எரித்துப் புதுத்தளிர் வரவைக்கும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. உழாதவர்கள், மேய்த்துத் திரிகிறவர்கள் என்று அன்றைய அதிகாரிகள் அவர்களை இளக்காரமாகப் பார்த்தார்கள், எரிப்பதைத் தடை செய்தார்கள், மேய்ச்சலைச் சுருக்கினார்கள். தோடர் கோயிலின் கூரையைக் குறிப்பிட்ட ஒருவகைப் புல்லால்தான் வேய வேண்டும். அது சதுப்போரங்களில் வளர்வது. சதுப்பு வற்றிச் சீகை ஏறிய இடத்தில் அந்தப் புல் அரிதாகிவிட்டது. கூரை வேயும் காலம் வந்தால் அவர்கள் அதைத் தேடி வெகுதூரம் அலைய வேண்டியிருக்கிறது.

புல்வெளி தொன்றுதொட்டு இருந்ததா, அல்லது முன்னொரு காலத்தில் இருந்த காட்டை மனிதர்கள் எரித்ததால் வந்ததா என்று நீங்கள் கேட்கலாம். வனத்துறைக்குள்ளேயே நெடுங்காலம் இருந்த சந்தேகம்தான் இது. நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த மக்குமண்ணை எடுத்து, அதிலுள்ள கார்பனின் தன்மையை வைத்து எந்தக் காலத்தில் புல் மிகுந்திருந்தது, எந்தக் காலத்தில் மரம் மிகுந்திருந்தது என்று ஆராய்ந்தார்கள். ரா. சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு கடந்த 20,000 ஆண்டுகளை உள்ளடக்கியது. பனியூழிக் காலத்தின் உச்சத்தில் அங்கே புல்லே ஓங்கியிருந்தது. பிறகு தட்பவெப்பம் மாற மாறப் புல்லும் காடும் கூடியும் குறைந்தும் வந்திருக்கின்றன. இங்கே உழவும் மேய்ச்சலும் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே புல் இருந்தது. அதைக் கெட்டுப்போன காடு என்று சொல்ல ஆதாரம் இல்லை.

பழநி மலையில் நிலைமை இன்னும் மோசம். அங்கே நாற்பது ஆண்டுக்கால செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, மலைப்புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018இல் காட்டியது. மரத்தோட்டமும் வேளாண்மையும்தான் காரணம். கொடைக்கானலுக்குக் குறிஞ்சி பார்க்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி அடர்காட்டுக்குள் பூப்பதில்லை. அது திறந்த புல்வெளிச் சரிவின் செடி. 2018இல் பூத்தது, அடுத்து 2030இல் பூக்க வேண்டும். நம் மாநில விலங்கான வரையாடும் புல்வெளியையும் பாறையையும் நம்பியே வாழ்கிறது. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303 வரையாடுகள் எண்ணப்பட்டன. நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை புல் தூருக்கடியில்தான் கூடு கட்டும். சீகைத் தோப்பில் இவை மூன்றுக்கும் இடமில்லை.

இவ்வளவு தெரிந்த பிறகும் ஏன் புல்வெளியில் மரம் நடும் எண்ணம் மறையவில்லை? விடை அரசு ஆவணங்களில் இருக்கிறது. நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடாக வேண்டும் என்று 1952ஆம் ஆண்டின் வனக்கொள்கை சொன்னது. 1988ஆம் ஆண்டின் கொள்கையும் அதை வைத்துக்கொண்டது. மலைப்பகுதிக்கு மூன்றில் இரண்டு பங்கு என்பது 1988 கொள்கையின் இலக்கு. அந்த அளவுகோலை வைத்து நீலகிரியின் மேல்பரப்பைப் பார்த்தால், இயல்பாக இருக்கும் புல்வெளிகூடப் பற்றாக்குறையாகத்தான் தெரியும். இந்திய வன அளவைத் துறையின் வரையறைப்படி, ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பும் பத்து விழுக்காட்டுக்கு மேல் மர நிழலும் இருந்தால் அது வனப்பரப்பு. என்ன மரம், யாருடைய நிலம் என்பது கணக்கில் இல்லை. தென்னந்தோப்பும் தைலமரத் தோட்டமும் அதில் சேரும், புல்வெளி சேராது. 1985இல் தரிசுநில மேம்பாட்டுக்கென்று தேசிய வாரியமே அமைத்தோம். தரிசுநில வரைபட ஏடுகளில் புதர்நிலமும் புல்நிலமும் பெரும் பரப்பில் தரிசாகவே குறிக்கப்பட்டன.

இப்போது கார்பன் கணக்கு வந்திருக்கிறது. 2030க்குள் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கார்பன் டை ஆக்சைடைக் காடும் மரமும் உள்வாங்கும்படி செய்வோம் என்று இந்தியா உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. தமிழ்நாடு பசுமை இயக்கம் 2022இல் தொடங்கப்பட்டது; காடும் மரமும் சேர்ந்த பரப்பைச் சுமார் 24 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காட்டுக்கு உயர்த்துவது அதன் குறிக்கோள். மத்திய அரசின் பசுமை வரவுத் திட்டத்துக்காக 2024இல் வெளியான வழிமுறை, புதர்நிலத்தையும் தரிசையும் நடவுக்குரிய இடங்களில் சேர்த்து, ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரம் என்று அளவு வைத்தது. அதாவது ஏறத்தாழ மூன்று மீட்டருக்கு ஒரு மரம். அந்த நெருக்கத்தில் புல் பிழைக்காது. புல்வெளி தன் கார்பனை மண்ணுக்கடியில், வேரிலும் கறுத்த மண்ணிலும் வைத்திருக்கிறது. மேலிருந்து படம் எடுக்கும் செயற்கைக்கோளுக்கு அது எளிதில் தெரிவதில்லை. தெரிகிற இலைக்கு மட்டும் மதிப்பெண் போடுகிற திட்டம், தெரியாததை இழக்க வைக்கும். அன்று வருவாய்க்காகக் காலியாகத் தெரிந்த நிலம், பிறகு ஆலைக்காகக் காலியாகத் தெரிந்தது, இன்று கார்பனுக்காகக் காலியாகத் தெரிகிறது.

வளங்குன்றா வளர்ச்சி என்று 1987இல் ஐ.நா.வின் பிரண்ட்லாண்ட் குழு சொன்னதிலிருந்து எல்லா அரசும் அதைச் சொல்கிறது. வளம் என்று எதை எண்ணுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெட்டிய மரத்துக்கு ஈடாக மரம் நட்டுக்கொண்டே வந்தால், மரத்தை எண்ணுகிறவருக்கு வளம் குன்றவில்லை. அதே காலத்தில் ஓடை வற்றியிருந்தால், கீழே வாய்க்கால் பாசனத்தை நம்பிய கோபிசெட்டிபாளையத்து உழவருக்கு வளம் குன்றிவிட்டது.

சமவெளியிலும் இதே கதைதான். காங்கேயம் வட்டாரத்துக் கொரங்காட்டைப் பார்த்திருக்கிறீர்களா? கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலம். உள்ளே கொழுக்கட்டைப் புல் படர்ந்திருக்கும், அங்கங்கே வெள்வேல மரம் நிற்கும். மழை குறைந்த அந்தப் பூமியில் காங்கேயம் மாட்டை உருவாக்கியதே இந்த நிலம்தான். மரம் இருக்கிறது, ஆனால் மாட்டுக்கு நிழலும் காயும் கொடுக்கும் அளவுக்கு மட்டும். இந்த அளவை எந்த ஆராய்ச்சி நிலையமும் வகுத்துக் கொடுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக மாடு வைத்திருந்தவர்கள் கண்டுபிடித்தது. தென்மாவட்டக் கீதாரிகள் ஆட்டு மந்தையோடு ஊர் ஊராகப் போய் வயலில் கிடை போடுவதும் வழியிலுள்ள மேய்ச்சல் நிலங்களை நம்பித்தான். அந்த நிலத்தை மூன்று மீட்டருக்கு ஒரு கன்றென்று நிரப்பிக் கம்பிவேலி போட்டால், கிடையும் இல்லை, கிடை உரமும் இல்லை. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் வனப்பகுதிகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பிறகு அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கியது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ மேய்ச்சலையும் உரிமையாக ஏற்கிறது. ஒரே மந்தையை ஒரு பார்வை அழிவாகக் காண்கிறது, இன்னொன்று வாழ்வாகக் காண்கிறது. ஐ.நா. 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக அறிவித்திருக்கும் நேரத்தில், நம் ஊர்க் கீதாரியை இந்த விவாதத்தில் உட்கார வைத்துக் கேட்டால் நன்றாக இருக்கும்.

நல்லெண்ணத்தோடு விதைத்துப் பிறகு தலையில் அடித்துக்கொண்ட மரங்களின் பெயர்கள் உங்களுக்கே தெரியும். விறகுத் தட்டுப்பாட்டுக்கு மருந்தாக வந்த சீமைக்கருவேலம் இன்று கண்மாய்களை அடைத்துக்கொண்டிருக்கிறது. கோடியக்கரையில் வெளிமான் மேயும் புல்வெளிக்குள்ளும் ஏறிவிட்டது. 1980களில் வயநாட்டில் சமூகக் காடு வளர்ப்பில் நட்ட மஞ்சள் கொன்றை முதுமலைக்குள் பரவி, இப்போது அதை அகற்றப் பெரும் செலவு ஆகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் சவுக்குத் தோப்புகள் போட்டோம். பல இடங்களில் அலையைத் தடுக்கும் வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருந்த மணல்மேட்டின் மீதே சவுக்கு ஏறியது. பங்குனி ஆமை முட்டையிட ஏறிவரும் மணல்வரை அதை நட்ட இடங்களும் உண்டு.

தமிழில் எழுதும்போது ஐந்திணையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொல்காப்பியம் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்று நிலத்தை வகுத்தபோது, மேய்ச்சல் நிலத்துக்கு அதற்கேயுரிய தெய்வமும் தொழிலும் பொழுதும் கொடுத்தது. முல்லை, மருதமாக மாறக் காத்திருக்கும் நிலம் அல்ல. மணல் நெய்தலின் குறையும் அல்ல. அது கவிதைக்கு வகுத்த இலக்கணம், அதிலிருந்து நேரே ஒரு வனக்கொள்கையை எடுத்துவிட முடியாது. அப்படி எடுப்பதாகப் பேசுகிறவர்களை நான் நம்புவதும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு நிலத்தையும் அதன் இயல்பில் முழுமையானதாகப் பார்க்கும் பழக்கம் நம் மொழிக்குப் புதிதில்லை என்பதை நினைவில் வைக்கலாம்.

மாற்றம் தொடங்கிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1988 கொள்கைக்குப் பிறகு நீலகிரியில் புதிதாக அயல்மரத் தோட்டம் போடுவது நின்றது. 2022இல் தமிழ்நாடு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்கள் பற்றித் தனிக்கொள்கை வகுத்தது. அரசின் வரையாடு பாதுகாப்புத் திட்டத்தில் புல்வெளியை மீட்பதும் ஒரு பகுதி. ஒரு காலத்தில் சீகை நட்ட துறையே இன்று சீகையை அகற்றுகிறது. இந்த வேலை எளிதல்ல. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டதும் ஆயிரக்கணக்கில் முளைக்கும். பழநி மலையில் சில பழைய தோட்டங்களின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே எழுந்து வருகின்றன. அங்கே வெட்டினால் சோலையும் போகும் என்று அனுபவமுள்ளவர்கள் எச்சரிக்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. எல்லா அயல்மரத்தையும் நாளையே வெட்டு என்பதும், எல்லா வெற்றிடத்திலும் நாளையே நடு என்பது போன்ற அவசரம்தான்.

இனி உங்களிடம் கேட்பவை. ஓர் இடத்தைக் காட்டினால், மழைக்குப் பின் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் போய்ப் பாருங்கள். கோடையில் மட்டும் பார்த்தால் எந்தப் புல்வெளியும் பொட்டலாகத்தான் தெரியும். அங்கே ஆடு மாடு மேய்க்கிறவர்களைக் கூட்டிப்போய், எந்தப் புல் எப்போது வரும், நீர் எங்கே நிற்கும் என்று கேளுங்கள். கிராமக் கணக்கில் தரிசு என்று இருந்தால் அந்த ஒரு குறிப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த நிலத்தில் புல்லும் புதருமாக இயல்பாகவே இருந்து வந்தது என்று தெரிந்தால் விட்டுவிடுங்கள். கன்றுக்கு இடம் இல்லாமல் போகாது. திருப்பூர், சேலம், மதுரை என்று எந்த ஊரை எடுத்தாலும் நிழலில்லாத பேருந்து நிறுத்தமும் அரசுப் பள்ளி வளாகமும் மருத்துவமனை வாசலும் இருக்கின்றன. நெடுஞ்சாலை அகலமாக்கப் புளியமரங்களை இழந்த ஊர்கள் இருக்கின்றன. பனை போன ஏரிக்கரைகள் இருக்கின்றன. வெயிலில் நிற்கும் மனிதர்களுக்கு உங்கள் மரம் அங்கேதான் உடனே வேண்டும்.

நிறுவன அலுவலர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நட்ட கன்றின் எண்ணிக்கைக்குப் பதிலாக, மூன்றாம் ஆண்டு முடிவில் உயிரோடிருக்கும் மரத்தின் எண்ணிக்கையை அறிக்கையில் கேளுங்கள். புல்வெளி மீட்புக்கும் நிதி ஒதுக்குங்கள். திறப்பு விழாவுக்கு ஏற்ற படம் அதில் கிடைக்காது, ஆனால் ஓடையில் ஓர் அளவுமானி வைத்தால் ஆண்டுக்காண்டு காட்ட எண் கிடைக்கும். பசுமை இயக்கத்துக்கு உங்கள் சங்கங்கள் மனு எழுதும்போது, காடு, புல்வெளி, சதுப்பு, மணல்மேடு ஒவ்வொன்றுக்கும் தனிப் பரப்பும் தனி இலக்கும் வேண்டும் என்று கேளுங்கள். 33 விழுக்காட்டுக்குள் எல்லாவற்றையும் மரமாக்கித் திணிக்க வேண்டியதில்லை.

கைவேலைதான் வேண்டும் என்கிறவர்களுக்கு மலையில் நிறைய இருக்கிறது. சீகை அகற்றிய சரிவுகளில் மறுபடி முளைக்கும் கன்றுகளை ஒவ்வோர் ஆண்டும் கையால் பிடுங்க வேண்டும். குறைந்தது ஐந்தாறு ஆண்டு விடாமல் செய்தால்தான் புல் மேலெழும். மழை ஈரத்தில் அவை வேரோடு வந்துவிடும், காய்ந்த பிறகு பிடுங்கினால் அறுந்து மறுபடி தழைக்கும். அதனால் ஜூலை முதல் செப்டம்பர் வரை வருவது நல்லது. வன அலுவலரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். கையுறையும் மழைச்சட்டையும் முழங்கால்வரை இழுத்துக் கட்டும் துணிக் காலுறையும் கொண்டுவாருங்கள். அந்த மாதங்களில் அட்டை விடாது. பிடுங்கிய கன்றை அங்கேயே போடாமல் வேர் மேலே தெரியக் குவித்து வையுங்கள். புல் தூர்களின் மீது நடக்காமல், மாடு போட்ட தடத்திலேயே நடந்து வாருங்கள்.

அன்புடன்,
நீலகிரியிலிருந்து உங்களில் ஒருவர்